எம்பிமேத் மதிப்புரை: ஐம்பது இலக்கம் காட்டுகிறது, ஐம்பதும் சரியா?

டபுளில் (கணினி வழக்கமாகப் பயன்படுத்தும், சுமார் 16 இலக்கம் மட்டும் தாங்கும் எண் வகை) கணக்கு உதைக்கிறது, பைத்தானில் அடுத்து எதை நிறுவலாம் என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் எம்பிமேத்தான். எத்தனை இலக்கம் கேட்டாலும் அத்தனை இலக்கத்தில் கணக்குப் போடுவதற்காக 2007இல் ஃபிரெட்ரிக் யோஹான்சன் தொடங்கிய பைத்தான் நூலகம். பிஎஸ்டி உரிமத்தில் வருகிறது, காசு கிடையாது. வடசென்னையில் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி கல்லூரி ஆய்வகங்களில் உள்ள பழைய விண்டோஸ் கணினிகளில் ஓடுமா, மணலி, எண்ணூர் ஆலைகளில் பிராசஸ் கணக்குப் போடுகிறவர்களுக்கு உதவுமா என்ற இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டு இதை எடைபோட்டிருக்கிறோம். இரண்டுக்கும் பதில் ஆம். ஆனால் இது நீங்கள் கேட்ட அத்தனை இலக்கங்களையும் திரையில் காட்டும்; அவற்றில் எத்தனை சரி என்பதைச் சொல்லாது. அதைப் புரிந்துகொள்ளாமல் இறங்குகிறவர்கள் டபுளில் இருந்ததைவிட மோசமான நிலைமைக்குப் போகிறார்கள். ஏனென்றால் 16 இலக்கத் தப்பைச் சந்தேகிக்கிறவர்கூட 50 இலக்கத் தப்பை நம்பிவிடுவார்.

நிறுவுவதில் தொல்லையே இல்லை. 'பிப் இன்ஸ்டால் எம்பிமேத்' என்ற ஒரே வரி. முழுக்கப் பைத்தானிலேயே எழுதப்பட்டதால் கம்பைலர் வேண்டாம். 1.3.0 பதிப்பின் கோப்பு அரை எம்பிக்குச் சற்றுதான் மேலே. பென் டிரைவில் கொண்டுபோய் இணையம் இல்லாத கணினியிலும் ஏற்றிவிடலாம். குறியீட்டுக் கணிதத்துக்கான சிம்பை நூலகம் ஏற்கெனவே இருந்தால் இதுவும் கூடவே வந்திருக்கும். அதோடு நிறுத்தாமல் ஜிஎம்பிஒய்2 என்பதையும் நிறுவிவிடுங்கள். பெரிய முழு எண்களைப் பெருக்கும் வேலையைப் பைத்தானிடமிருந்து வாங்கி, ஜிஎம்பி என்ற வேகமான சி நூலகத்திடம் அது ஒப்படைக்கிறது. எம்பிமேத் அதைத் தானாகவே கண்டுபிடித்துப் பயன்படுத்தும், எதையும் மாற்றி எழுத வேண்டாம். 'எம்பிமேத்.லிப்எம்பி.பேக்கெண்ட்' என்று கேட்டால் 'ஜிஎம்பிஒய்' என்று பதில் வர வேண்டும். 'பைத்தான்' என்று வந்தால் அது ஏறவில்லை என்று பொருள். 50 இலக்கத்தில் இதனால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆயிரக்கணக்கான இலக்கங்களுக்குப் போகும்போதுதான் தெரியும்.

எத்தனை தசம இலக்கத் துல்லியம் வேண்டும் என்பதை 'எம்பி.டிபிஎஸ்' என்ற ஒரு எண்ணில் வைக்க வேண்டும். எதையும் மாற்றாவிட்டால் 15, அதாவது 53 பிட், டபுளின் அதே அளவு. 50 என்று வைத்தால் உள்ளே 169 பிட் ஆகிறது. பிட்டிலேயே சொல்ல வேண்டுமென்றால் 'எம்பி.பிரெக்' இருக்கிறது.

முதல் சோதனைக்கு ராமானுஜனைத்தான் எடுத்தோம். 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தவர். அவர் பெயரில் ராயபுரத்தில் ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது. இந்தப் பகுதியில் வேறு யாரை எடுப்பது? 1914இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், முழு எண்ணுக்கு மிக அருகில் வந்து நிற்கும் சில மதிப்புகள் உண்டு. எக்ஸ்ப்(π√58), அதாவது e என்ற மாறிலியின் π√58 அடுக்கு, அதில் ஒன்று: 24591257751.99999982... டிபிஎஸ் 15இல் இதைக் கேட்டால் இது முழு எண்ணா இல்லையா என்றே தீர்மானிக்க முடியாது. எக்ஸ்ப் சரியாகத்தான் வேலை செய்கிறது, குறை அதற்குள் போகும் எண்ணில். π√58 என்பது சுமார் 23.9; டபுளில் அதில் 10⁻¹⁵ அளவுக்குப் பிழை இருக்கும். எக்ஸ்ப் அந்தப் பிழையை விடையின் அளவால் பெருக்கிவிடுகிறது. 10⁻¹⁵ஐ 2.4 × 10¹⁰ஆல் பெருக்கினால் ஐந்தாம் தசமத்துக்குப் பக்கத்திலேயே ஆட்டம் தொடங்கிவிடும். நமக்கு வேண்டியதோ ஏழாம் தசமம்.

163க்குப் போனால் இன்னும் தெளிவாகத் தெரியும். எக்ஸ்ப்(π√163)இன் சரியான மதிப்பு 262537412640768743.99999999999925... (ராமானுஜன் மாறிலி என்று பெயர் ஒட்டிக்கொண்டாலும் 1914 கட்டுரையில் இருப்பவை 22, 37, 58 போன்றவைதான். 163இன் விசேஷத்தை 1859லேயே பிரெஞ்சுக் கணிதவியலர் எர்மீட் கவனித்துவிட்டார்.) முழு எண் பகுதிக்கு 18 இலக்கம், தசமத்தில் பன்னிரண்டு 9. ஆக 30 இலக்கம் போதும் என்று தோன்றும். போதாது. டிபிஎஸ் 30இல் உள்ளே இருப்பது 103 பிட். π√163இல் 10⁻²⁹க்கு அருகில் பிழை வரலாம். விடையில் அது 10⁻¹² அளவாகிவிடும். நாம் தேடும் வித்தியாசமே 7.5 × 10⁻¹³தான்! பிழைக்கும் விடைக்கும் ஒரே உயரம். 40 வைத்தால்தான் 99925 என்ற வால் அசையாமல் நிற்கிறது. எக்ஸ்ப், பெரிய அடுக்கு, பெரிய கோணத்துக்குச் சைன் ஆகியவை வருகிற இடங்களில், வேண்டிய இலக்கத்தோடு குறைந்தது பத்தாவது கூட்டி வையுங்கள்.

இனி உள்ளீடு. இதில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். டிபிஎஸ் 50 வைத்துவிட்டு 'எம்பிஎஃப்(0.1)' என்று எழுதினால் (எம்பிஎஃப் என்பது எம்பிமேத்தின் எண் வகை) கிடைப்பது 0.1000000000000000055511151231257827... எம்பிமேத்துக்கு எண் வந்து சேரும் முன்பே பைத்தான் 0.1ஐ டபுளாக மாற்றி முடித்துவிட்டது. அந்த டபுளை எம்பிமேத் 50 இலக்கத்துக்கு விசுவாசமாகக் காட்டுகிறது, அவ்வளவுதான். மேற்கோள் குறிக்குள் சரமாகக் கொடுத்தால் சரியாக வரும். 'எம்பிஎஃப்(1/3)' தப்பு, 'எம்பிஎஃப்(1)/3' சரி. சமன்பாட்டுக்கு நடுவே '(1/3)' என்று எழுதியிருப்பதையும் தேடிப் பிடியுங்கள், அதுவும் இதே பொறிதான். 15இல் உருவாக்கிய மாறியை வைத்துக்கொண்டு பிறகு டிபிஎஸ்ஸை 50 ஆக்கினால் அந்த மாறியில் புதிதாக எந்த இலக்கமும் முளைக்காது. டிபிஎஸ்ஸை வைப்பது நிரலின் முதல் வரிகளிலேயே இருக்கட்டும்.

இதைவிடக் கெட்ட வழுக்கல் ஒன்று இருக்கிறது. பைத்தானின் சாதாரண 'மேத்' தொகுப்பில் உள்ள சைனுக்கு எம்பிஎஃப் எண்ணைக் கொடுத்தால், அது சத்தமே போடாமல் டபுளாக மாற்றி, டபுளையே திருப்பித் தரும். எந்த எச்சரிக்கையும் வராது. எண் அணிகளுக்கான நம்பை நூலகத்தின் சைன் பிழைச்செய்தியாவது தரும், அது எவ்வளவோ மேல். அறிவியல் கணக்குகளுக்கான சைபை நூலகத்தின் வகைக்கெழுச் சமன்பாட்டுத் தீர்வுகளுக்குள் எம்பிஎஃப்பை அனுப்புவதும் வீண் வேலை, உள்ளே எல்லாம் டபுள்தான். ஒரு நிரலை எம்பிமேத்துக்கு மாற்றும்போது 'மேத்.' என்று இருக்கும் ஒவ்வோர் இடத்தையும் தேடி 'எம்பி.' ஆக்குங்கள். ஒன்றை விட்டாலும் அதற்குப் பிறகு வரும் எல்லாமே 16 இலக்கம்தான், திரையில் 50 தெரிந்தாலும்.

மணலிப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு நேரடியாகப் பயன்படும் சோதனை அடுத்தது: வாயுவின் அழுத்தம், கனஅளவு, வெப்பநிலை மூன்றையும் இணைக்கும் நிலைச் சமன்பாடு. வான் டெர் வால்ஸ் சமன்பாட்டைக் குறைத்த மாறிகளில் (மாறுநிலை மதிப்புகளால் வகுத்தவை; வ என்பது கனஅளவு) எழுதி, திரவமும் வாயுவும் வேறுபாடின்றிப் போகும் மாறுநிலைப் புள்ளியில் நிறுத்தினால் மிஞ்சுவது வ³ − 3வ² + 3வ − 1 = 0. மூன்று தீர்வும் 1. நம்பையின் ரூட்ஸ் இதற்கு 1.0000065 போல ஒரு மெய்யெண்ணையும், 0.9999967 சுற்றி ஒரு கலப்பெண் இணையையும் தருகிறது. இது நம்பையின் குற்றமில்லை. மூன்று தீர்வு ஒரே இடத்தில் குவிந்தால், 10⁻¹⁶ பிழைக்கு அதன் கனமூலம், அதாவது 10⁻⁵ அளவுக்குத் தீர்வு நகரும். பதினாறு இலக்கத்தில் ஐந்துதான் கையில் மிஞ்சும்.

இதே தீர்வுகளைத் தேடும் எம்பிமேத்தின் 'பாலிரூட்ஸ்' இந்த இடத்தில் எப்படி நடந்துகொள்கிறது? இயல்பு நிலையில் விட்டால் 'குவியவில்லை' என்று பிழைச்செய்தி தந்து நின்றுவிடும். இதை நாங்கள் நல்ல குணமாகவே பார்க்கிறோம்; தப்பான விடையைக் கொடுத்து ஏமாற்றவில்லை. சரிசெய்ய இரண்டு திருகு உண்டு. 'மேக்ஸ்டெப்ஸ்' (அதிகபட்சச் சுற்றுகள்) இயல்பில் 50, 'எக்ஸ்ட்ராபிரெக்' (உள்ளே கூட்டிக்கொள்ளும் துல்லியம்) இயல்பில் 10 பிட். மும்மடித் தீர்வுக்கு ஒவ்வொரு சுற்றிலும் பிழை மூன்றில் இரண்டு பங்காகத்தான் குறைகிறது. 169 பிட்டுக்கு ஏறத்தாழ 290 சுற்று ஆகும். பிட்டும் மூன்று மடங்கு வேண்டும். ஆகவே டிபிஎஸ் 50க்கு மேக்ஸ்டெப்ஸ் 500, எக்ஸ்ட்ராபிரெக் 400 என்ற அளவில் வையுங்கள்.

ஆலையில் வான் டெர் வால்ஸை யார் பயன்படுத்துகிறார்கள், பெங்-ராபின்சன் நிலைச் சமன்பாடுதானே என்பீர்கள். அங்கே இருக்கும் சிக்கலை எந்த நூலகமும் தீர்க்காது. கையேடுகளில் அதன் மாறிலிகள் 0.45724, 0.07780 என்று ஐந்து தசமத்துக்கு முழுமையாக்கி அச்சாகியிருக்கும். சரியான மதிப்புகள் 0.4572355289..., 0.0777960739... வித்தியாசம் ஆறாம் தசமத்தில்தானே, போகட்டும் என்று விட்டுவிடத் தோன்றும். மாறுநிலைப் புள்ளியில் இதையும் கனமூலம் எடுத்துப் பாருங்கள். அமுக்கக் காரணி (வாயு இலட்சிய வாயுவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் எண்) 0.3074 வர வேண்டிய இடத்தில் 0.321 வருகிறது, மற்ற இரண்டு தீர்வுகள் கலப்பெண்ணாகப் போய்விடுகின்றன. 50 இலக்கத்தில் போட்டாலும் 500 இலக்கத்தில் போட்டாலும் அதே 0.321தான், வால் மட்டும் நீளும். எக்செல் தாளில் இந்த இடத்தில் தள்ளாட்டம் கண்டு துல்லியத்தைக் கூட்ட வந்தவர்கள், முதலில் அந்த இரண்டு மாறிலிகளையும் பத்து இலக்கத்துக்கு மாற்றிப் பாருங்கள். மாறுநிலைப் புள்ளியிலிருந்து தள்ளி இருந்தால் டபுளே தாராளம்.

கழித்தலால் வரும் இழப்பைச் சொல்ல எண்ணூர் விரைவுச் சாலையின் எடைமேடையை நினைத்துக்கொள்ளுங்கள். கன்டெய்னர் லாரியைக் கிளீனரின் சோற்றுத் தூக்கோடு ஒருமுறை, தூக்கு இல்லாமல் ஒருமுறை ஏற்றி, இரண்டையும் கழித்து அந்தத் தூக்கின் எடையைச் சொல்லச் சொன்னால் என்ன வரும்? மேடை 10 கிலோவுக்குக் கீழே காட்டாது. லாரி எடை சரியாகத்தான் இருக்கும். தூக்கின் எடை காணாமல் போயிருக்கும்.

இதற்கு உச்சமான உதாரணம் ஜெர்மன் கணிதவியலர் ரம்ப் 1988இல் கொடுத்தது: 333.75ஆ⁶ + அ²(11அ²ஆ² − ஆ⁶ − 121ஆ⁴ − 2) + 5.5ஆ⁸ + அ/(2ஆ), இதில் அ = 77617, ஆ = 33096. அன்றைய ஐபிஎம் 370 கணினியில் ஒற்றை, இரட்டை, நீட்டித்த துல்லியம் மூன்றிலும் விடை 1.1726... என்றே வந்தது. மூன்றும் ஒத்துப்போனால் யார்தான் நம்ப மாட்டார்கள்? சரியான விடை −0.8273960599... குறியே தப்பு. உள்ளே நடப்பது இதுதான்: 5.5ஆ⁸ என்பது 7917111340668961361101134701524942848. அ/(2ஆ) தவிர்த்த மற்றதெல்லாம் கூடி −7917111340668961361101134701524942850. இரண்டும் 37 இலக்க எண்கள், கூட்டினால் மிஞ்சுவது வெறும் −2. அந்த −2ஐத் தொலைத்துவிட்டால் அ/(2ஆ) மட்டும் நிற்கும்; அதுதான் 1.1726. இன்றைய டபுளில் பெருக்கும் வரிசையைப் பொறுத்து 10²¹ அளவில் ஓர் அபத்தமான எண்கூட வரும். அது பரவாயில்லை, பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

ஜிசிசி கம்பைலரின் 128 பிட் ஃப்ளோட், ஜிஃபோர்ட்ரான் கம்பைலரின் ரியல் 16 ஆகியவற்றில் மதிப்புக்கு 113 பிட், சுமார் 34 இலக்கம். 37 இலக்கம் கேட்கும் இந்தக் கணக்குக்கு அதுவும் பற்றாது. எம்பிமேத்தில் டிபிஎஸ் 30 (103 பிட்) தோற்கும், 40 (136 பிட்) ஜெயிக்கும். 'ஆட்டோபிரெக்' என்று ஒரு வசதி உண்டு: துல்லியத்தைக் கூட்டிக் கூட்டிக் கணக்குப் போட்டு, அடுத்தடுத்த இரண்டு விடை ஒத்துப்போனதும் நிறுத்தும். வசதியானதுதான். ஆனால் ஐபிஎம் கணினியில் நடந்ததே இதுதானே, ஒரே தப்பு இரண்டு முறை வந்தால் அதையே சரி என்று எடுத்துக்கொள்ளும். நாங்கள் சிபாரிசு செய்வது: டிபிஎஸ் 50இல் ஒருமுறை, 75இல் ஒருமுறை, பிறகு உள்ளீட்டில் கடைசி இலக்கத்தைச் சற்று அசைத்து ஒருமுறை. மூன்றிலும் மாறாத இலக்கங்களை மட்டும் அறிக்கையில் எழுதுங்கள்.

ஆய்வேட்டில் உத்தரவாதத்தோடு எழுத வேண்டுமென்றால் ஃபிளின்ட் என்ற சி நூலகத்தைப் பைத்தானிலிருந்து இயக்கும் பைத்தான்-ஃபிளின்ட்டுக்குப் போய்விடுங்கள். இதே யோஹான்சன் எழுதிய ஆர்ப் நூலகம் 2023இல் ஃபிளின்ட் 3.0இல் சேர்ந்துவிட்டது. அதில் ஒவ்வோர் எண்ணும் நடு மதிப்பும் ஆரமுமாக வரும். ரம்ப் கணக்கை 53 பிட்டில் கொடுத்தால், ஆரம் 10²¹ அளவில் இருக்கும் ஒரு பந்தைக் கையில் கொடுக்கிறது, 'எனக்குத் தெரியவில்லை' என்று நேர்மையாகச் சொல்வது போல. 1.1726 என்று அடித்துப் பேசாது. வேகமும் அதிகம். குறை என்னவென்றால் பழக நாளாகும், விளக்கக் குறிப்புகளும் எம்பிமேத் அளவுக்கு உதாரணங்களோடு இல்லை. எம்பிமேத்தின் ஆவணத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு சார்புக்கும் ஓட்டிப் பார்க்கக்கூடிய உதாரணம் இருக்கிறது. பாடம் நடத்துகிறவர்களுக்கு அது பெரிய வரம். எம்பிமேத்துக்குள்ளேயே 'ஐவி' என்ற இடைவெளிக் கணக்கு உண்டு, அடிப்படைச் சார்புகளோடு நிறுத்திக்கொண்டால் அது போதும்.

தொகையிடலில் 'குவாட்' அருமை. முனைகளில் முடிவிலிக்குப் போகும் சார்பைக்கூட இயல்பாக உள்ள டான்-சின்ச் முறை சமாளிக்கும். இடையில் கூர்முனை இருந்தால் மட்டும் அந்தப் புள்ளியையும் எல்லைப் பட்டியலில் சேர்த்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் இலக்கங்கள் கொட்டிப்போகும். 'எர்ரர்' என்பதை 'ட்ரூ' ஆக்கினால் பிழை மதிப்பீடும் வரும். முடிவிலி வரை அலையும் சார்புகளுக்குக் 'குவாட்' வேண்டாம், 'குவாட்ஆஸ்க்' தனியாக இருக்கிறது.

வேகம்தான் இதன் பலவீனம். ஒரு பெருக்கலுக்கு ஒரு மைக்ரோவினாடி என்ற கணக்கில் பாருங்கள். நம்பை அணியோடு ஒப்பிட்டால் ஆயிரம் மடங்கு அளவில் மெதுவு. 100க்கு 100 அணியை எல்யு முறையில் (இரண்டு முக்கோண அணிகளாகப் பிரித்து) தீர்க்க மூன்றேகால் லட்சத்துக்கு மேல் பெருக்கல்-கழித்தல். ஓரிரு வினாடி, பழைய கணினியில் கொஞ்சம் கூட. 1000க்கு 1000 என்றால் அது ஆயிரம் மடங்காகும். டீ குடித்துவிட்டு வந்தாலும் முடிந்திருக்காது. அணியை உள்ளே டிக்ஷனரியாக வைத்திருப்பதும் ஒரு சுமை. ஹில்பர்ட் அணி போன்ற மோசமான அணிக்கு நிபந்தனை எண்ணின் (உள்ளீட்டுப் பிழை விடையில் எத்தனை மடங்காகலாம் என்று சொல்லும் எண்) மடக்கையைப் பார்த்து டிபிஎஸ் வையுங்கள்: 10க்கு 10 ஹில்பர்ட்டுக்கு அது 1.6 × 10¹³, அதாவது 13 இலக்கம் கரையும். வேண்டிய இலக்கத்தோடு அதைக் கூட்டினால் சரி. பெரிய அணிகளோடு மல்லுக்கட்டுகிறவர்கள் ஃபிளின்ட்டின் ஆர்ப் அணிக்கு மாறிக்கொள்ளலாம். 31, 32 இலக்கம் போதுமென்றால் இரண்டு டபுளைச் சேர்த்துக் கணக்கிடும் டபுள்-டபுள் முறை வேகமானது. அதைக் கம்பைல் செய்யும்போது 'ஃபாஸ்ட்-மேத்' கொடியை மட்டும் போட்டுவிடாதீர்கள். பிழையைச் சேமிக்கும் கழித்தல்களைக் கம்பைலர் 'பூஜ்யம்தானே' என்று சுருக்கித் தள்ளிவிடும், மிஞ்சுவது டபுள்.

டிபிஎஸ் நிரல் முழுவதற்கும் பொதுவான ஒற்றை மதிப்பு என்பதால், ஒரு சார்புக்குள் மாற்றினால் வெளியேயும் மாறிவிடும். 'வித் எம்பி.வொர்க்டிபிஎஸ்(50)' என்று எழுதி அதற்குள் வேலையை முடித்தால் வெளியே வந்ததும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். திரெட்களில் இதை ஓட்டாதீர்கள், ஒன்று வைத்த துல்லியத்தை இன்னொன்று கெடுக்கும். தனித்தனி பிராசஸாகப் பிரியுங்கள்.

விடையைச் சேமிக்கும்போது 'என்எஸ்டிஆர்'இல் இலக்க எண்ணிக்கையைச் சொல்லிச் சரமாக எழுதுங்கள். அந்த சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் திறந்து சேவ் கொடுத்தால் 15 இலக்கத்துக்கு மேல் எல்லாம் போய்விடும். திறக்கும்போது அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று குறித்துத்தான் உள்ளே எடுக்க வேண்டும். மேலதிகாரிக்கு அனுப்புவதானால் கூடவே சாதாரண நோட்பேட் கோப்பு ஒன்றையும் இணைத்துவிடுங்கள்.